சாலை மரமும் சாரதியும்

1960ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆந் திகதி. பிரான்சு நாட்டின் சான்ஸ் நகரைக் கடந்து, பாரிஸ் மாநகரை நோக்கி ஒரு மோட்டார் வண்டி விரைந்துகொண்டிருந்தது. அதனைச் செலுத்தியவர் மிஷெல் கலிமார் என்னும் பதிப்பாளர். அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தவர், 1957இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற எழுத்தாளர் அல்பேர் கமு. பின்னாசனத்தில் கலிமாரின் மனைவியும் மகளும் இருந்தனர். வீதி நேரானது, வளைவு ஏதும் இல்லை. வில்பிளவேன் என்னும் சிற்றூரின் அருகே வண்டி திடீரெனத் தன் வழியை விட்டு விலகி, வீதியோரத்துப் பிளேன் மரத்தில் மோதி நொறுங்கியது. கமு அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 46. கலிமார் சில நாட்களின் பின் இறந்தார். பின்னால் இருந்த இருவரும் பிழைத்தனர். கமுவின் சட்டைப்பையில், பயன்படுத்தப்படாத புகைவண்டிச் சீட்டு ஒன்று இருந்தது.

டயர் வெடித்ததா, அச்சு முறிந்ததா, வேகம் மிகுந்ததா என்று பலர் பலவாறு கூறினர். காரணம் எதுவாயினும், வண்டி வீதியை விட்டு விலகியதற்கு மரம் காரணமன்று. எனினும் அம்மரம் அவ்விடத்தில் நில்லாதிருந்தால் வண்டி புல்வெளியில் உருண்டோடி நின்றிருக்கவும் கூடும். இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே மனத்திற் கொள்ளாமையினாலேயே, சாலை மரங்கள் சாரதிகளுக்கு ஆபத்தா என்னும் வாதம் நாடுகள் தோறும் முடிவின்றி நடைபெறுகின்றது. ஒரு சாரார், மரம் நின்ற இடத்திலேயே நிற்கின்றது, ஓடிச் சென்று மோதியது வண்டியே அன்றோ என்பர். மற்றைச் சாரார், கண் அயர்ந்த ஒரு கணத்துக்கு மரணதண்டனையா என்று கேட்பர். இரு சாராரின் கூற்றிலும் நியாயம் உண்டு.

சாலையோரத்தில் மரம் நடும் வழக்கம் மோட்டார் வண்டிக்கு மிகவும் முற்பட்டது. பாதைகளின் ஓரத்தில் மரங்கள் நடுவித்ததையும் கிணறுகள் தோண்டுவித்ததையும் அசோக மன்னன் தன் சாசனங்களிலே குறித்துள்ளான். நிழல் தரும் பொருட்டு ஆலமரங்களை நடுவித்ததாக அச்சாசனங்களுள் ஒன்று கூறுகின்றது. மதுரை நாட்டை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட இராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சாலைகள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. பிரான்சிலே இரண்டாம் ஹென்றி மன்னன் 1552ஆம் ஆண்டில், நெடுஞ்சாலைகளின் ஓரங்களில் எல்ம் மரங்களை நடுமாறு கட்டளையிட்டான். பீரங்கி வண்டிகள் செய்வதற்கு வேண்டிய வலிய மரத்தைப் பெறுவது அவன் கருத்து. 1811இல் நெப்போலியனின் ஆணை ஒன்று, பெருஞ்சாலைகளை அடுத்த நிலங்களின் சொந்தக்காரர் மரம் நடவேண்டும் என விதித்தது.

இம்மரங்கள் யாவும் கால்நடையாகச் செல்வோருக்காகவும், மாட்டுக்கும் குதிரைக்குமாகவும் நடப்பட்டவை. மாட்டு வண்டி மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீற்றர் செல்லும். அது மரத்தில் உராய்ந்தால் அச்சாணி கழலலாம். வண்டிக்காரன் மாட்டைத் திட்டிவிட்டு மீண்டும் ஏறிக்கொள்வான். பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தன. ஒற்றை வண்டி செல்லும் அகலமே இருந்த வீதியில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே விலகவேண்டிய தேவை ஏற்பட்டது. ஆதலின் இரு மரவரிசைகளுக்கும் இடையில் இருந்த மண்பகுதி சிறிது சிறிதாகத் தாரால் மூடப்பட்டது. இறுதியில் தார் அடிமரம் வரை வந்துவிட்டது. மரம் வீதிக்கு வந்ததில்லை. வீதிதான் மரத்தை நாடி வந்தது. பழைய சாலை மரங்கள் பல இன்று தாரின் விளிம்பிலிருந்து ஒரு முழம், இரு முழத் தொலைவில் நிற்பதன் காரணம் இதுவே.

இனி, மோதல் என்பது யாது எனப் பௌதிகக் கண்கொண்டு பார்த்தல் வேண்டும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் அசையாத பொருளொன்றில் மோதுதல், 5 மீற்றர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்கு ஒப்பாகும். வேகம் இரட்டித்தால் உயரமும் இரட்டிக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அது நான்கு மடங்காகின்றது. மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் மோதுபவர் 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுபவருக்குச் சமானம். நன்கு வளர்ந்த ஒரு பனையின் உச்சியை அண்ணாந்து பார்த்தால் அவ்வுயரம் விளங்கும். பனையேறுபவர் ஒவ்வோரடியும் கவனித்தே ஏறுவார். அதே உயரத்தின் ஆபத்தை வண்டியில் அமர்ந்திருப்பவர் உணர்வதில்லை. ஆசனம் மெத்தென்றிருக்கின்றது, கண்ணாடிக்கு வெளியே காட்சிகள் ஓடுகின்றன, வானொலியும் பாடுகின்றது.

விழுந்தவர் பிழைப்பதும் மடிவதும் பெரும்பாலும் எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படுகின்றார் என்பதைப் பொறுத்தது. 72 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி, தடையை அழுத்தி 40 மீற்றர் ஓடி நிற்குமாயின், உள்ளே இருப்பவர் முன்னோக்கிச் சற்றுச் சாய்வதோடு தீர்ந்துவிடும். அதே வண்டி மரத்தில் மோதி, முன்பகுதி நசுங்கி, ஒரு மீற்றர் தூரத்துள் நின்றுவிடுமாயின், அவர் உடல் தன் நிறையைப்போல் இருபது மடங்கு விசையைத் தாங்கவேண்டி வரும். அரை மீற்றருள் நின்றால் நாற்பது மடங்கு. மேலும், சுவரில் மோதும் வண்டியின் முன்பகுதி முழுவதும் அவ்வடியைப் பங்கிட்டுக்கொள்கின்றது. மரமோ ஒடுங்கியது. வண்டியின் முன்புறத்தில் இரு பக்கங்களிலும் அமைந்துள்ள வலிய சட்டங்களுக்கு நடுவே அது புகுந்துவிடும்.

பக்கவாட்டில் மோதுவது இன்னும் கொடியது. சறுக்கிச் செல்லும் வண்டி பெரும்பாலும் திரும்பிக்கொண்டே செல்லும். அதன் கதவுப்பக்கம் மரத்தைச் சந்திக்கும். கதவுக்கும் அமர்ந்திருப்பவரின் விலாவுக்கும் இடையே ஒரு சாண் தூரங்கூட இராது. ஐரோப்பாவிலே புது வண்டிகளைச் சோதிக்கும்போது, ஒடுங்கிய இரும்புத் தூண் ஒன்றின்மீது வண்டியைப் பக்கவாட்டில் மோதவிட்டுப் பார்ப்பர். அச்சோதனையின் வேகம் மணிக்கு 32 கிலோமீற்றர் மட்டுமே. காற்றுப் பைகளும் உறுதியான கதவுச் சட்டங்களும் பொருத்திய இக்கால வண்டிகளுக்கே அந்த வேகந்தான் சோதனை என்றால், நாட்டுப்புற வீதிகளில் ஓடும் பழைய வண்டிகளின் நிலையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே மரத்தினால் ஆபத்து இல்லை என்று கூறுபவர், அன்பின் மிகுதியால் கண்ணை மூடிக்கொள்கின்றனர் என்றே கொள்ளவேண்டும். ஜேர்மனியில் 2015ஆம் ஆண்டில் மரத்தில் மோதி இறந்தவர்கள் ஏறத்தாழ 600 பேர். அவ்வாண்டு அந்நாட்டு வீதிகளில் மாண்டோருள் ஆறில் ஒரு பங்கினர் அவர்கள்.

அப்படியாயின் வெட்டிவிடுவதே வழியா? பிரான்சிலே அவ்வாறு எண்ணியவர்கள் பலர். வீதி மரணங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகிவந்த அக்காலத்தில், தேசிய நெடுஞ்சாலைகளின் ஓரத்து மரங்களை அகற்றுவதற்கு அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று வழி செய்தது. அதனை அறிந்த ஜனாதிபதி ஜோர்ஜ் பொம்பிடு 1970ஆம் ஆண்டு ஜூலை 17ஆந் திகதி தம் பிரதமர் சபான் டெல்மாசுக்குக் கண்டித்துக் கடிதம் எழுதினார். பாதுகாப்பு என்னும் பெயரால் நாட்டின் அழகை அழிக்க இடமளிக்கலாகாது என்பதே அதன் சாரம். அவர் மோட்டார் வண்டியின் பகைவர் அல்லர். பாரிஸ் நகரம் மோட்டார் வண்டிக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று வாதிட்டவர் அவர். செயின் நதியின் வலக்கரையில் அமைக்கப்பட்ட விரைவு வீதிக்கு அவர் பெயரே பின்னர் இடப்பட்டது. அத்தகையவர் மரங்களுக்காகப் பரிந்து பேசியது சிந்திக்கத்தக்கது. அக்கடிதம் 1984இலேயே பத்திரிகையில் வெளியாகிப் பலரும் அறியலாயினர்.

பின்னர் நடந்தது இன்னும் படிப்பினை மிக்கது. 1972ஆம் ஆண்டில் பிரான்சின் வீதிகளில் 16,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1973இல் நகர்ப்புறங்களுக்கு வெளியே முன்னாசனத்தில் இருப்போர் ஆசனப்பட்டி அணிதல் கட்டாயமாக்கப்பட்டது. அதனை ஒட்டிய காலத்தில் வேக வரம்புகளும் விதிக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டில் இறந்தோர் தொகை 3,300ஐ எட்டவில்லை. வண்டிகளோ பன்மடங்கு பெருகியிருந்தன. இடையில் மரங்கள் பல வெட்டப்பட்டதும் உண்மையே. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும், நின்ற மரங்கள் இலட்சக்கணக்கானவை. அவை நிற்கவே இத்தனை உயிர்கள் காக்கப்பட்டன. 2016இல் அந்நாடு மரச்சாலைகளைப் பாதுகாக்கச் சட்டமும் இயற்றியது. 2018 ஜூலை முதல், நடுத்தடுப்பு இல்லாத இருவழி வீதிகளில் வேக வரம்பு 90இலிருந்து 80 கிலோமீற்றராகக் குறைக்கப்பட்டது. கிராமத்துச் சாரதிகள் அதனை வெறுத்தனர். பின்னர் பல மாவட்டங்களில் 90 மீண்டுவந்தது. மரத்தை வெட்டுவதிலும் வேகத்தைக் குறைப்பது கடினம் போலும். மரத்துக்கு வாக்குரிமை இல்லை.

ஜேர்மனியின் கதை வேறு விதமானது. மேற்கு ஜேர்மனியில் வீதிகளை அகலமாக்கியபோது மரச்சாலைகள் பெரும்பாலும் அழிந்தன. கிழக்கு ஜேர்மனியில் வீதிகளுக்குச் செலவிடப் பணம் இல்லாமையாலும் வண்டிகள் குறைவாக இருந்தமையாலும் அவை தப்பின. 1990இல் இரு பகுதிகளும் ஒன்றுபட்டவுடன், மேற்கின் வேகமிக்க வண்டிகள் கிழக்கின் ஒடுங்கிய மரச்சாலைகளில் நுழைந்தன. செலுத்தியவர்களுள் பலர் அத்தகைய வண்டிகளைப் பழகாத இளைஞர். பிரண்டன்பேர்க், மெக்லன்பேர்க் பகுதிகளில் அவ்வாண்டுகளில் மரங்களின் அடியில் நடப்பட்ட சிறு சிலுவைகள் எண்ணற்றவை. எனினும் மெக்லன்பேர்க் மாநிலம் தன் அரசியலமைப்பிலேயே மரச்சாலைகளைப் பாதுகாக்கும் கடமையை எழுதிவைத்தது. 1993இல் றூகன் தீவில் தொடங்கி, தெற்கே கொன்ஸ்டன்ஸ் ஏரி வரை செல்லும் ‘ஜேர்மன் மரச்சாலை’ என்னும் பாதையும் வகுக்கப்பட்டது. இம்முயற்சியில் முன்னின்றவர்களுள் அந்நாட்டு மோட்டார் வண்டிக்காரர் சங்கமும் ஒன்று. மரச்சாலைகள் பலவற்றில் 70 கிலோமீற்றர் வரம்பு விதிக்கப்பட்டது. சில இடங்களில் மரத்துக்கு முன் இரும்புத் தடுப்புகள் அமைக்கப்பட்டன.

சாரதிக்கு மரம் செய்யும் உதவியும் உண்டு. மூடுபனியிலும் மழையிலும் வீதி எங்கே திரும்புகின்றது என்பதை மரவரிசை தொலைவிலேயே காட்டிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்த இரவுகளில், வீதியோர மரங்களின் அடியில் வெள்ளைப் பட்டைகள் தீட்டினர். இந்தியாவில் சுண்ணாம்பும் காவியும் பூசிய சாலை மரங்களைக் காணாதார் இலர். மரங்கள் அருகே நெருங்கி நிற்பதால் வண்டியின் வேகம் சாரதியின் கண்ணுக்கு மிகுத்துத் தோன்றும். திறந்த வெளியில் அதே வேகம் ஊர்வது போலிருக்கும். மறுபுறத்தில், உச்சி வெயிலிலிருந்து அடர்ந்த நிழலுக்குள் நுழையும் கண் தெளிவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அந்நேரத்தில் நிழலில் செல்லும் கரிய உடையணிந்த ஒருவர் புலப்படாமற் போகலாம். பருத்த அடிமரத்தின் பின்னாலிருந்து ஓடிவரும் பிள்ளையும் அப்படியே. புளியமரத்தில் பேய் இருப்பதாக ஊரார் அஞ்சுவர். சாரதி அஞ்சவேண்டியது அதன் பின்னால் நிற்கும் பிள்ளையை.

இவை யாவற்றினும் முதன்மையானது தூரம். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு செக்கனில் 20 மீற்றர் கடக்கின்றது. சாரதி கண் அயர, வண்டி 5 பாகைக் கோணத்தில் வீதியை விட்டு விலகுவதாகக் கொள்வோம். விளிம்பிலிருந்து ஒன்றரை மீற்றர் தூரத்தில் மரம் நின்றால், ஒரு செக்கன் முடியுமுன் வண்டி அதனை அடையும். திடுக்கிட்டு விழிப்பதற்கே அந்நேரம் போதாது. மரம் 9 மீற்றர் தூரத்தில் நின்றாலோ, ஐந்து செக்கன்கள் கிடைக்கும். விழிக்கலாம், தடையை அழுத்தலாம், வண்டியைத் திருப்பலாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் சோதனைத் திடலில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனை ஆராய்ந்தனர். வழிதவறிய வண்டிகளுள் நூற்றுக்கு எண்பது, தடை ஏதும் இல்லாவிடின் 30 அடி, அதாவது 9 மீற்றர் தூரத்துள் நின்றுவிடுகின்றன என்று கண்டனர். அதன்பின் அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் அவ்வளவு இடத்தை வெறுமையாக விடுவது முறையாயிற்று.

ஆயினும், ஒன்பது மீற்றர் வெளி அமெரிக்கப் பெருநிலங்களுக்கு எளிது. இரு மருங்கிலும் வேலியும் வளவும் நெருங்கிய யாழ்ப்பாணத்து வீதிக்கு அது பொருந்தாது. அங்கு வளைவுகளை மட்டுமாவது தனியே நோக்குதல் வேண்டும். வண்டி வழிதவறுவது பெரும்பாலும் வளைவின் வெளிப்புறத்தில். அங்கே நிற்கும் ஒரு மரம், நேர்வீதியில் நிற்கும் பல மரங்களிலும் ஆபத்து மிக்கது. அத்தகைய மரத்தை அகற்றுவதில் தயங்கவேண்டியதில்லை. அகற்ற மனம் ஒப்பாவிடின், முன்னால் இரும்புத் தடுப்பு அமைக்கலாம். தடுப்பு, நேர்மோதலை உராய்வாக மாற்றிவிடும். ஆனால் மோட்டார் சைக்கிளில் வருபவர் விழுந்து வழுக்கிச் சென்று அத்தடுப்பின் தூண்களில் அடிபட்டு மாள்வதும் உண்டு. ஆதலின் பிரான்சில் அபாயமான வளைவுகளில் தூண்களை மறைத்துக் கீழே இன்னொரு தகடும் பொருத்துகின்றனர். மோட்டார் சைக்கிள்கள் மலிந்த இலங்கைக்கு இது மிகவும் வேண்டியது.

இலங்கையின் நிலைமை ஐரோப்பாவின் நிலைமையினின்று வேறுபட்டது. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டு வீதிகளில் உயிரிழக்கின்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் காரில் சென்று மரத்தில் மோதியவர்கள் அல்லர். மோட்டார் சைக்கிளில் சென்றவர்களும் வீதியில் நடந்தவர்களுமே. பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மைல் நடக்கும் பிள்ளைக்கும், சந்தையிலிருந்து சுமையோடு திரும்பும் பெண்ணுக்கும், பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் முதியவருக்கும் சாலை மரம் ஓர் அலங்காரமன்று. வன்னியின் வைகாசி வெயிலில் நிழலில்லாத தார் வீதியில் நடந்தவர்கள் அதனை அறிவர். மரத்தை வெட்டுக என்னும் வாதத்தில் வண்டிக்குள் இருப்பவரின் உயிர் மட்டுமே கணக்கிடப்படுகின்றது. அதே வேளையில், அடிமரம் தாரின் விளிம்பிலேயே நின்றால், நடப்பவர் அதனைச் சுற்றிச் செல்ல வண்டிப் பாதையில் இறங்கவேண்டி வருகின்றது. நிழல் தரும் மரமே அவரை வண்டியின் முன் தள்ளுவதாகிவிடுகின்றது. மரத்துக்கும் வேலிக்கும் நடுவே, மரத்தின் பின்புறமாக ஓர் ஒற்றையடிப்பாதை விடப்பட்டால் இது தீரும். சில இடங்களில் நடந்து நடந்து தாமாகவே அத்தகைய பாதைகள் ஏற்பட்டுள்ளன. மழைக்காலத்தில் அவை நீரில் மூழ்காதபடி சிறிது மண்ணிட்டு உயர்த்துவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

மரம் வண்டியின் மேல் விழுவது மற்றோர் அச்சம். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ் ஒன்றின்மீது மரம் சாய்ந்து ஐந்து பேர் இறந்தனர். நகரத்தில் நடந்ததாயினும், நாடெங்கும் சாலை மரங்களின்மீது சந்தேகப் பார்வை விழ அது காரணமாயிற்று. மரம் தானாகச் சாய்வது அரிது. நீர்க்குழாய் புதைக்க ஒரு பக்கத்து வேரை அறுக்கின்றனர். மின்கம்பிக்காக ஒரு பக்கத்துக் கிளைகளை மட்டும் வெட்டிப் பாரத்தைச் சரிக்கின்றனர். அடியைச் சுற்றிச் சீமெந்து பூசுகின்றனர். குப்பையை அடிமரத்தோடு கூட்டித் தீ மூட்டுகின்றனர். வெளியில் பசுமையாக நின்றாலும் உள்ளே கோறையாகிவிட்ட மரம் ஒரு சுழற்காற்றுக்கு வீழ்ந்துவிடும். அடியில் காளான் முளைத்திருத்தல், வேர்ப்பக்கத்து மண் வெடித்திருத்தல், புதிதாக ஒரு பக்கம் சரிந்திருத்தல் ஆகியவற்றை ஊரிலுள்ள எவரும் கண்டு பிரதேச சபைக்கு அறிவிக்கலாம். ஐப்பசி மழைக்கு முன் பார்ப்பது நன்று.

புதிய வீதிகளின் ஓரங்களில் பாடசாலைப் பிள்ளைகளும் சங்கங்களும் இன்று கன்றுகள் நட்டுவருகின்றனர். விரலளவு பருத்த கன்றில் வண்டி ஏறினால் கன்றுதான் முறியும். அடிமரம் 10 சென்ரிமீற்றர் பருத்தவுடன் அதனை அசையாத பொருளாகக் கருதவேண்டும் என்பது வீதிப் பொறியியலாளர் கணக்கு. வேம்பும் மருதும் சில ஆண்டுகளில் அப்பருமனை எய்திவிடும். குழி தோண்டுமுன் தாரின் விளிம்பிலிருந்து நாடாவைப் பிடித்து அளப்பதும், வீதி நாளை எவ்வளவு அகலமாகும் என்று வீதி அதிகாரிகளிடம் கேட்டறிவதும், வளைவின் வெளிப்புறத்தை விடுத்து நடுவதும் ஒரு காலைப்பொழுதின் வேலை. இடம் இருக்குமாயின் கன்றை வடிகாலுக்கு அப்பால் வைக்கலாம். நீரும் அங்கேதான் தேங்கும். ஆதலின் கன்றுக்கும் அவ்விடமே நல்லது.